சேர்வர் கட்டளையை ஏற்காத இரவு
கொழும்பில் நான் வேலை செய்யும் தமிழ் அலைவரிசையில் போன மாதம் ஒளிபரப்புக் கணினியை மாற்றினோம். அன்றிரவு செய்திக்குச் சற்று முன்னர் கிளிப்புகளைச் சேமித்து ஓட்டும் வீடியோ சேர்வர், அந்தக் கணினி அனுப்பிய எந்தக் கட்டளையையும் ஏற்கவில்லை. கையால் ஓட்டினால் படம் ஓடியது. ஆகவே படத்தைக் கொண்டுபோகும் எஸ்டிஐ வயரில் பிழை இல்லை. பிளே, ரெக்கோர்ட் கட்டளைகள் போவது வேறு வழி: ஆர்எஸ்-422 என்ற கட்டுப்பாட்டு வயரில், விடிசிபி நெறிமுறையில் (வீடியோ சேர்வருக்குக் கட்டளை அனுப்பும் முறை). இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

"தம்பி, வயரை மாத்திப் பார்," என்றேன்.

"மாத்திப் பாத்தனான் அண்ணை, அதே நிலைமைதான்."

அப்புறம் போர்ட் அமைப்பைத் திறந்தேன். வேகம் விநாடிக்கு 38,400 பிட், சரி. ஆனால் பரிட்டி (தரவில் பிழை உண்டா என்று பார்க்கச் சேர்க்கும் பிட்) 'இல்லை' என்றிருந்தது. விடிசிபிக்கு ஒற்றைப்படைப் (odd) பரிட்டி கட்டாயம். மாற்றியதும் கிளிப் கியூ ஆனது, அதாவது ஓடத் தயாராக நின்றது. ரெக்கோர்ட் போர்ட்டிலும் அதே பிழை. அதையும் உடனே திருத்தினேன்.