ப்ரவுசர் கேம் ஆடத் தொடங்குகிறீர்களா? முதலில் அதன் கடிகாரத்தைப் பாருங்கள்

எதையும் இறக்கி நிறுவ வேண்டாம், ஒரு லிங்க்கைத் தட்டினால் உள்ளே போய்விடலாம். ப்ரவுசர் கேம்களுக்குப் பலரும் சொல்லும் காரணம் இது. உண்மைதான், ஆனால் இது வாசல் வரைக்குமான காரணம். குச்சி மனிதர்களும் எண் அட்டவணைகளும் தவிர வேறொன்றும் இல்லாத ஒரு பக்கத்தை மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில், தினமும் திறந்து பார்ப்பது ஏன் என்று கேட்டால் இந்தப் பதில் போதாது. நான் ஆடிப் பார்த்த வரையில் இரண்டு விஷயங்கள் பிடித்து இழுக்கின்றன: அந்தப் பக்கத்துக்குள் வேறு ஆட்கள் இருக்கிறார்கள், எப்போது, எவ்வளவு ஆடலாம் என்று தீர்மானிக்க அந்த கேமுக்கென்று தனியாக ஒரு கடிகாரம் ஓடுகிறது. புதிதாக வருகிறவர்கள் படம் அழகாக இருக்கிறதா என்று பார்த்து ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள், அதன் கடிகாரம் தங்கள் நாளோடு ஒத்துவராமல் ஒரே வாரத்தில் விட்டுவிடுவார்கள். நானும் இரண்டு மூன்று தடவை அப்படித்தான் விட்டேன்.

படி 1: உங்கள் நாளுக்குப் பொருந்தும் கடிகாரத்தைத் தேர்ந்தெடுங்கள்

கொஞ்சம் பழங்கதை. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் மட் என்ற கேமை உருவாக்கினார்கள். படமே கிடையாது. 'வடக்கே போ', 'கதவைத் திற' என்று தட்டச்சு செய்தால் எழுத்திலேயே பதில் வரும், அதே இடத்தில் இன்னொருவரும் நின்றுகொண்டிருப்பார். பல பேர் சேர்ந்து ஒரே உலகத்தில் வேடம் கட்டி ஆடுவது அங்கே வேர் பிடித்தது.

அப்புறம் வெப் வந்தது. ஆனால் வெப் பக்கம் என்பது கேட்டால் மட்டும் வாய் திறக்கும் பிராணி. நீங்கள் ஒரு பொத்தானை அழுத்தினால் சர்வர் பதில் தரும். சர்வரே முந்திக்கொண்டு 'பக்கத்துக்காரன் படை வருகிறது' என்று உங்களிடம் சொல்ல நல்ல வழி இல்லை. நொடிக்கு நொடி சண்டை வேண்டுமென்றால் ஜாவா, ஃப்ளாஷ் போன்ற செருகு நிரல்களை (ப்ளகின்) ப்ரவுசரில் சேர்க்க வேண்டும். 2001இல் வந்த ரூன்ஸ்கேப் ஜாவாவை நம்பித்தான் ப்ரவுசருக்குள் ஓடியது. வெறும் பக்கங்களை வைத்துக்கொண்டு கேம் செய்தவர்கள் வேறு வழி பிடித்தார்கள். மெதுவான கடிகாரத்தையே ஆட்டமாக்கினார்கள். அதில் இரண்டு வகை.

ஒன்று, தினப்படி வகை. கிங்டம் ஆஃப் லோதிங் 2003இல் வந்தது. எல்லோரும் கையால் கிறுக்கிய குச்சி உருவங்கள், பணத்துக்குப் பதில் இறைச்சி, அக்கார்டியன் திருடன் என்று ஒரு கதாபாத்திர வகைகூட உண்டு. ஒரு நாளைக்கு 40 சாகசங்கள், அதாவது ஆட 40 வாய்ப்புகள், கிடைக்கும். கேமுக்குள் சாப்பிட்டுக் குடித்து இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம், தீர்ந்தால் அடுத்த நாள்தான். 2009இல் வந்த ஃபாலன் லண்டன், கதை படிக்கப் பிடித்தவர்களுக்கானது. அதில் 10 நிமிடத்துக்கு ஒரு செயல் என்று ஊறும். அரைமணி நேரம்தான் கையில் இருக்கிறது, அதற்குமேல் ஆசைப்படவும் கூடாது என்பவர்களுக்கு இந்த வகையை மிஞ்சி எதுவும் இல்லை. கேமே உங்களைப் போய்த் தூங்கச் சொல்லிவிடும்.

இன்னொன்று, நீங்கள் தூங்கும்போதும் ஓடுகிற வகை. ராஜ்ஜியம் கட்டும் கேம்கள் இதில் சேரும்: 2002இல் ஓகேம், 2003இல் ட்ரைபல் வார்ஸ், 2004இல் ட்ராவியன். ஒரு கட்டடம் கட்ட நாலு மணி நேரம் என்றால் நிஜமாகவே நாலு மணி நேரம் ஆகும். படை எதிரியின் ஊருக்குப் போக ஆறு மணி நேரம் என்றால் நீங்கள் போய் வேறு வேலையைப் பார்க்க வேண்டியதுதான். ஒரு நாளில் பத்து தடவை இரண்டிரண்டு நிமிடம் எட்டிப் பார்க்க முடிகிறவர்களுக்கு இது சொர்க்கம். எட்டிப் பார்க்காமல் இருக்க முடியாதவர்களுக்கு இதுவே தொல்லை. நீங்கள் எந்த ரகம் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

2011இல் வெப்சாக்கெட் என்ற முறை தரப்படுத்தப்பட்டது. சர்வரும் ப்ரவுசரும் ஒரே இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பேசலாம் என்றானது. முப்பரிமாணப் படம் வரையும் வெப்ஜிஎல்லும் அதே ஆண்டுதான். இவை இரண்டும் கைக்கு வந்தபின் செருகு நிரல் இல்லாமலே நொடிக்கணக்குக் கடிகாரம் சாத்தியமானது: 2015இல் அகார்.ஐஓ, 2016இல் ஸ்லிதர்.ஐஓ. பெயர் அடித்து நுழைந்த பத்தாவது நொடியில் யாரோ உங்களை விழுங்கியிருப்பார்கள், மறுபடி நுழைவீர்கள். ஃப்ளிஃப் யூனிவர்ஸ் மாதிரி முழு உருவம் எடுத்து அலையும் பெரிய உலகங்களும் இப்போது டேப்பிலேயே திறக்கின்றன, ஆனால் அவற்றுக்கு ஒரே மூச்சில் ஒரு மணி நேரமாவது ஒதுக்க முடிய வேண்டும்.

முதன்முறை என்றால் என் யோசனை தினப்படி வகை. ரத்தம் சிந்தாமல் கற்றுக்கொள்ளலாம்.

படி 2: இயந்திரத்தைச் சரிபாருங்கள்

இது சின்ன வேலை. ப்ரவுசர் புதிய பதிப்பாக இருக்கட்டும். அமைப்புகளில் வன்பொருள் முடுக்கம் (hardware acceleration) போட்டிருக்கிறதா என்று பாருங்கள், அது இல்லாவிட்டால் முப்பரிமாண கேம்கள் தவழும். ஃப்ளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதனால் இன்றைக்கு ஒரு தளம் 'ஃப்ளாஷைப் புதுப்பியுங்கள்' என்று எதையாவது இறக்கச் சொன்னால், உங்கள் இயந்திரத்துக்குள் வேண்டாததை ஏற்றப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம், டேப்பை மூடிவிடுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: நீங்கள் வேறு டேப்புக்குப் போனதும் பழைய டேப்பின் வேகத்தை ப்ரவுசர் தானாகக் குறைத்துவிடும். மெதுவான கேம்களுக்கு இதனால் ஒன்றும் ஆகாது, கணக்கு சர்வரில் இருக்கிறது. நொடிக்கணக்கு கேமில் இதனாலேயே உங்கள் ஆள் உறைந்து நிற்பார், இணைப்பும் போகலாம். அந்த மாதிரி கேமைத் தனி விண்டோவில் திறந்து கண்முன்னே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: கணக்கு, பெயர், சர்வர்

'விருந்தினராக ஆடு' என்று ஒரு பொத்தான் இருக்கும். முதல் பத்து நிமிடத்துக்கு அது நல்லதுதான், பிடிக்காவிட்டால் அப்படியே போய்விடலாம். பிடித்துவிட்டால் அன்றைக்கே மின்னஞ்சல் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். விருந்தினர் கணக்கின் அடையாளம் பெரும்பாலும் உங்கள் ப்ரவுசருக்குள் மட்டும்தான் இருக்கும். மூன்று வாரம் பாடுபட்டு வளர்த்த ஒரு மந்திரவாதினியை, வேறு ஏதோ தளம் திறக்கவில்லை என்று, தளங்கள் ப்ரவுசரில் விட்டுவைக்கும் அடையாளக் குறிப்புகளான குக்கீகளைத் துடைத்ததில் நான் தொலைத்தேன். புகார் சொல்லவும் ஆள் இல்லை, துடைத்தது நான்தானே.

பாஸ்வேர்டு வேறெங்கும் பயன்படுத்தாததாக இருக்கட்டும். பெயர் வைக்கும்போது சொந்தப் பெயரும் பிறந்த ஆண்டும் வேண்டாம், அதே சமயம் கூப்பிடும்படி இருக்க வேண்டும். எண்களும் கோடுகளுமாக வைத்துக்கொண்டால் சண்டை நடுவில் உங்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், 'ஏய் வில்லுக்காரா' என்பார்கள். அதுவே நிலைத்தும் விடும்.

ராஜ்ஜியம் கட்டும் கேம்களில் சர்வர் தேர்வு, அதாவது எந்த உலகத்தில் சேர்வது என்பது, ரொம்ப முக்கியம். அவற்றில் பல, சுற்றுச் சுற்றாக நடப்பவை. புதுப் புது உலகங்கள் திறப்பார்கள், முடிந்த உலகம் மூடப்படும். ஐந்து மாதம் ஓடிய உலகத்தில் இன்றைக்கு நுழைந்தால், புதியவருக்கான பாதுகாப்புக் காலம் முடியும் அன்றே நீங்கள் பக்கத்து ஊர்க்காரர் தினமும் வந்து கொள்ளையடித்து அறுவடை செய்யும் வயல். அண்மையில் திறந்த உலகத்தில் சேருங்கள்.

படி 4: முதல் மூன்று நாள்

பயிற்சிப் பகுதியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். அதில் இலவசமாகக் கொஞ்சம் சிறப்புக் காசு தருவார்கள், தந்த கையோடு 'இதை வைத்துக் கட்டடத்தை உடனே முடி' என்றும் தூண்டுவார்கள். பயிற்சி கட்டாயப்படுத்துவதைத் தவிர ஒன்றும் செலவழிக்க வேண்டாம்.

கதாபாத்திரம் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பெயர்கள் எத்தனை இருந்தாலும் பெரும்பாலும் மூன்று வேலைகள்தான்: முன்னே நின்று அடி வாங்குவது, பின்னே நின்று காயம் ஆற்றுவது, எதிரியை அடிப்பது. தனியாக ஆடுவதற்கு அடிக்கிறவர் வசதி. ஆள் சேர வேண்டும் என்றால் காயம் ஆற்றுகிறவராக ஆகுங்கள். நன்றாக ஆடத் தெரிகிறதோ இல்லையோ, கூட்டிப் போக எப்போதும் ஆள் இருக்கும்.

உங்களுக்கு எது பிடிக்கும் என்றே தெரியவில்லையா? மட் கேமை உருவாக்கிய அதே பார்ட்டில் 1996இல் ஆட்டக்காரர்களை நாலு விதமாகப் பிரித்து எழுதினார்: சேர்த்துக் குவிப்பவர்கள், துருவிப் பார்ப்பவர்கள், பழக வருபவர்கள், மற்றவர்களை அடித்து மகிழ்பவர்கள். மூன்றாம் நாள் முடிவில், அன்றைக்கு எந்த நிமிடம் நேரம் போனதே தெரியவில்லை என்று யோசியுங்கள். லெவல் ஏறியபோதா, வரைபடத்தின் மூலையில் ஒரு குகையைக் கண்டபோதா, சாட்டில் அரட்டை அடித்தபோதா? பதில் மூன்றாவது என்றால் அடுத்த படிக்கு ஓடி வாருங்கள்.

படி 5: ஒரு கூட்டத்தில் சேருங்கள்

கில்டு, கூட்டணி, குலம் என்று ஒவ்வொரு கேமிலும் ஒரு பெயர். இதைச் செய்யாமல் விட்டால் இந்த கேம்களில் பாதியைக்கூடப் பார்க்கவில்லை என்றுதான் சொல்வேன்.

கிராமம் கட்டும் கேம் ஒன்றில் சேர்ந்த இரண்டாவது வாரம், ராத்திரி பதினொன்றரைக்கு எட்டிப் பார்த்தால் விடிகாலையில் வந்து சேரும்படி என்மேல் ஒரு படை வந்துகொண்டிருந்தது. கூட்டணி சாட்டில் போட்டுவிட்டுத் தூங்கிப்போனேன். காலையில் அறிக்கையைத் திறந்தால், உலகின் வேறொரு மூலையில் பகலில் விழித்திருந்த ஒருவர், அதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசாதவர், தாக்குதலுக்குச் சில நிமிடம் முன்னால் வந்து இறங்கும்படி தன் ஈட்டிக்காரர்களைக் கணக்குப் பார்த்து அனுப்பியிருந்தார். அவர் படையில் பாதி செத்திருந்தது, என் கிராமம் அப்படியே இருந்தது. பதிலுக்கு அவருக்கு என்ன செய்வது என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தனியாக ஆடும் கேமில் எனக்கு இந்த மாதிரி ஒரு நாள் வந்ததில்லை.

எப்படிச் சேர்வது? பட்டியலில் முதல் இடத்தில் இருக்கும் கூட்டத்தை விடுங்கள், அவர்கள் உங்கள் எண்களைப் பார்ப்பார்கள். சாட் கலகலவென்று இருக்கும் நடுத்தரக் கூட்டமாகப் பார்த்து, 'புதியவன், தினமும் இந்த நேரத்தில் வருவேன், கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன்' என்று இரண்டு வரி எழுதினால் போதும். எந்த நேரத்தில் வருவீர்கள் என்பதுதான் அவர்களுக்கு வேண்டிய தகவல். சேர்ந்தபின் யாருக்கும் பாஸ்வேர்டு கொடுக்காதீர்கள், தலைவரே கேட்டாலும். ட்ராவியன், ட்ரைபல் வார்ஸ் போன்றவற்றில் நீங்கள் இல்லாதபோது இன்னொருவர் உங்கள் கணக்கைப் பார்த்துக்கொள்ளவே முறையான ஏற்பாடு உண்டு.

விண்வெளியில் நடக்கும் ஓகேம் பக்கம் போனால் ஒரு பழக்கம் உடனே கற்றுக்கொள்ளுங்கள்: தூங்கப் போகும் முன் கப்பல்களை நீண்ட பயணத்தில் அனுப்பிவிடுவது. கோளில் கப்பலே நிற்காவிட்டால் வந்தவன் எதை உடைப்பான்?

படி 6: வேடத்தில் பேசுவது

எல்லா கேமிலும் இது தேவையில்லை. ஆனால் கதாபாத்திரமாகவே பேசும் சாட் அறைகளும், மேசையைச் சுற்றி உட்கார்ந்து வேடம் கட்டி ஆடும் விளையாட்டுகளை ப்ரவுசருக்குள் கொண்டுவந்த ரோல்20 மாதிரித் தளங்களும் இருக்கின்றன. அங்கே போகும்போது தயங்க வேண்டாம், யாரும் நாடக நடிப்பை எதிர்பார்க்கவில்லை. சாட்டில் முதலில் கொஞ்ச நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருங்கள். உங்கள் ஆள் செய்வதைச் சின்ன வாக்கியத்தில் எழுதுங்கள்: 'கதவருகே நின்று மழையைப் பார்க்கிறாள்'. சொந்தக் குரலில் ஏதாவது சொல்ல வேண்டுமானால், உதாரணமாக 'ஐந்து நிமிடம், போன் வருகிறது' என்பதை, இரட்டை அடைப்புக்குறிக்குள் போடுவது பல இடங்களில் வழக்கம்.

மீறக் கூடாத விதி ஒன்று உண்டு, அடுத்தவர் ஆளுக்கு என்ன ஆனது என்று நீங்கள் எழுதக் கூடாது. 'வாளை அவன் கழுத்தை நோக்கி வீசினேன்' சரி. 'அவன் தலை உருண்டது' என்று எழுதினால் அடுத்த தடவை உங்களைக் கூப்பிட மாட்டார்கள்.

எழுத்துப்பிழை பற்றியும் ஒரு வார்த்தை. கிங்டம் ஆஃப் லோதிங்கில் எழுத்தறிவுத் தேர்வு ஒன்றில் தேறினால்தான் சாட்டுக்குள்ளேயே விடுவார்கள். சிரிப்புக்கு வைத்ததுபோல் இருந்தாலும், அந்த சாட் படிக்கும்படி இருக்கிறது.

படி 7: பணமும் விடுப்பும்

இலவச கேம்களின் கடையில் விற்பதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சட்டை, தொப்பி, குதிரைக்கு இறக்கை என்றால் பயமில்லை. 'உடனே முடி', 'இன்னும் 20 செயல்கள்', 'இரட்டை வேகம்' என்றால் அங்கே விற்கப்படுவது கடிகாரம். எந்தக் காத்திருப்புக்காக இந்த கேமைத் தேர்ந்தெடுத்தீர்களோ அதையே காசு கொடுத்து நீக்கச் சொல்கிறார்கள். முதல் மாதம் ஒரு காசும் கட்டாதீர்கள். அதற்குப் பிறகும் பிடித்திருந்தால், நடத்துகிறவர்களும் பிழைக்க வேண்டுமே, கொஞ்சம் கொடுப்பதில் தப்பில்லை.

தாக்குதல் நேரத்துக்கு எழுந்திருக்க விடிகாலை மூன்று மணிக்கு அலாரம் வைக்கத் தோன்றினால், அன்றைக்கே அமைப்புகளில் விடுமுறை நிலை எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். தூங்கும்போதும் ஓடும் கேம்களில் பெரும்பாலும் இருக்கும். அதைப் போட்டுவிட்டால் உங்கள் கட்டட வேலையும் நின்றுவிடும், உங்கள்மேல் படையும் வராது. போடுவதற்கு முன் கூட்டணி சாட்டில் 'பத்து நாள் வரமாட்டேன்' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போனால் தேடுவார்கள்.