எல்லாத்துக்கும் ஃபெவிக்விக்கே போடாதீங்க!

வீட்டுல எது உடைஞ்சாலும் பொட்டிக்கடையில தொங்குற அஞ்சு ரூபா ஃபெவிக்விக்தான் நம்ம கடலூர்காரங்களுக்கு ஞாபகம் வருது. நல்ல சரக்குதான், ஆனா பாதி பொருளுக்கு அது சரிப்படாது. அது என்ன பொருள், தண்ணி படுமா, சூடு படுமா, வளையுமா, இதை பாத்துட்டுதான் கடைக்கு போகணும்.

முதல் வேலை சுத்தம் பண்றது. தேவனாம்பட்டினம் பக்கம் வீடுன்னா கடல்காத்துல எல்லாத்து மேலயும் உப்பு படிஞ்சிருக்கும், அதுமேல எந்த பசை போட்டாலும் உப்போட சேந்து உரிஞ்சு வந்துடும், அதனால ஈரத்துணியால துடைச்சு நல்லா காயவிட்டு, வழவழப்பா இருந்தா உப்புத்தாள் போட்டு லேசா தேச்சு சொரசொரப்பாக்குங்க. துரு இருந்தா மொத்தமா போற வரைக்கும் தேய்க்கணும்.

மரத்துக்கு வெள்ளை ஃபெவிகால். பழைய பசையை சுரண்டிட்டு தடவி, கயிறு போட்டு இறுக்கி கட்டி ஒரு நாள் முழுக்க விட்டுடுங்க, அவசரப்பட்டு உக்காந்து பாக்காதீங்க. தண்ணி படுற எடம்னா மெரைன்னு போட்டிருக்கறதை கேட்டு வாங்குங்க.

பீங்கான், கல்லு, இரும்புக்கு ரெண்டு ட்யூபா வர்ற அரால்டைட் பசை. ரெண்டு ட்யூப்லயும் சம அளவு எடுத்து நல்லா கலக்கணும், ஒண்ணு கூடினாலும் கொறைஞ்சாலும் கொழகொழன்னு அப்படியே நிக்கும். ஒட்டின டம்ளர்ல சூடா டீ குடிக்க வேணாம், பேனா போட்டு வெச்சுக்கலாம்.

ஃபெவிக்விக் காத்துல இருக்கற ஈரத்தாலதான் இறுகுது, நம்ம ஊர் புழுக்கத்துல தொறந்த ட்யூப் கல்லாயிடறது அதனாலதான். ரெண்டு பக்கமும் இடைவெளி இல்லாம பொருந்துற சின்ன உடைசலுக்கு ஒரே சொட்டு போதும், அள்ளி ஊத்தினா காயாது. பஞ்சு, காட்டன் துணி மேல மட்டும் ஊத்திடாதீங்க, சுள்ளுனு சூடாகி கை வெந்துடும். விரல் ஒட்டிக்கிச்சுன்னா பிச்சு இழுக்காம வெதுவெதுப்பான சோப்பு தண்ணில ஊறவைங்க.

இப்ப பிளாஸ்டிக், இதுலதான் எல்லாரும் ஏமாறுறாங்க. பக்கெட்டு, டிபன் டப்பாவை கவுத்து பாருங்க, முக்கோணத்துக்குள்ள 2ன்னோ 5ன்னோ இருந்தா சாதாரண பசை எதுவும் பிடிக்காது, காசை வீணாக்காம காயலாங்கடைக்கு போடுங்க. பிவிசி பைப்புக்கு சால்வென்ட் சிமெண்ட்னு தனியா இருக்கு, அது பைப்பையே இளக்கி ஒண்ணாக்கிடும், ஆனா பைப்புல சொட்டு ஈரம் இருக்கக்கூடாது.

செருப்பு, ரப்பர், ரெக்சினுக்கு ரப்பர் பசை, எஸ்ஆர்னு கேட்டா குடுப்பாங்க. ரெண்டு பக்கமும் தடவிட்டு பத்து பதினஞ்சு நிமிஷம் சும்மா விடணும், தொட்டா விரல்ல ஒட்டாத பதம் வந்ததும் வெச்சு சுத்தியால தட்டுங்க. வெச்சப்புறம் நகத்த முடியாது, அதனால முன்னாடியே பென்சிலால குறிச்சுக்குங்க. நெடி ஜாஸ்தி, சீக்கிரம் தீப்பிடிக்கும், அடுப்படி பக்கம் உக்காராம மாடியில போய் பண்ணுங்க.