நரம்பு நோய்க்கான மரபணு அறிக்கை: வாசிப்பில் நேரும் தவறுகள்

காரணம் தெரியாத வலிப்புக்கோ நடைத் தள்ளாட்டத்துக்கோ எக்ஸோம் பரிசோதனை (மரபணுக்களில் புரதத்துக்கான குறிப்புள்ள பகுதிகளை மொத்தமாக வாசிப்பது) செய்தால், அறிக்கையில் ஒரு மரபணுவின் பெயர் இருக்கும். அதை இணையத்தில் தேடினால் ஒரு நோயின் பெயர் கிடைக்கும். இரண்டுக்கும் உடனே முடிச்சுப் போட்டுவிடுகிறோம். அந்த மரபணுவில் காணும் எல்லா மாறுபாடுகளும் நோயைத் தருவதில்லை.

அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி 2015இல் வெளியிட்ட நெறிமுறை, மாறுபாடுகளை நோய் விளைவிப்பது முதல் தீங்கற்றது வரை ஐந்தாகப் பிரிக்கிறது. 'நோய் விளைவிக்கக்கூடும்' என்று எழுதவே 90 சதவீதத்துக்கு மேல் உறுதி வேண்டும். நடுவில் நிற்பது வி.யு.எஸ்., அதாவது முக்கியத்துவம் உறுதியாகாத மாறுபாடு; சான்று போதவில்லை, அல்லது சான்றுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்று பொருள். அதைப் 'பாதி ஆம்' என்று வாசிப்பவர்களில் மருத்துவர்களும் உண்டு. அதை வைத்து மருந்தை மாற்றுவதும், கருவைப் பரிசோதிப்பதும், நோயில்லாத தங்கைக்குச் சோதனை எழுதுவதும் கூடாது. முதலில் தாய் தந்தையின் ரத்தத்தில் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்க்க வேண்டும். டிராவெட் போன்ற கடும் வலிப்பு நோயில், நலமாக உள்ள பெற்றோர் இருவரிடமும் அது இல்லையென்றால் சான்றின் எடை சட்டென்று கூடும். செலவு குறைந்த இந்தச் சோதனையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தாய் வழி, தந்தை வழி என மரபணுவின் இரு பிரதிகளும் பழுதானால் மட்டுமே வரும் ஒடுங்கு மரபு நோயில் இரண்டு மாறுபாடுகள் கிடைத்தாலும் இதே சோதனை தேவை. இரண்டும் தாயிடமிருந்து மட்டுமோ தந்தையிடமிருந்து மட்டுமோ வந்திருந்தால், மற்ற பிரதி நலமாகவே இருக்கிறது.

பழைய ஆய்வுக் கட்டுரையில் 'நோயாளியிடம் கண்டது' என்று இருந்தால் போதும் என்று நினைப்பதும் ஆபத்து. மூளையை அழிக்கும் பிரியான் நோய்க்குக் காரணமான பி.ஆர்.என்.பி. மரபணு நல்ல பாடம். 60,000க்கும் மேற்பட்டோரின் எக்ஸோம் தரவை அலசி 2016இல் வெளியான ஆய்வில், நோய் தருபவை என்று பதிவான மாறுபாடுகள் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தது 30 மடங்கு அதிகமாகப் பொதுமக்களிடம் இருப்பது தெரிந்தது. அந்த நோயோ மிக அரிது. அப்படியானால் பட்டியலில் சில தீங்கற்றவை, சில எப்போதாவது மட்டுமே நோய் தருபவை. இ200கே என்ற மாறுபாடு போன்ற சிலவற்றின் மீதான குற்றச்சாட்டு மட்டும் அப்படியே நின்றது. நமக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. பொதுத் தரவுத்தளங்களில் ஐரோப்பிய வம்சாவளியினரே மிகுதி; அங்கே அரிதாகத் தெரிவது தென்னிந்தியாவில் சாதாரணமாக இருக்கலாம். அக்காள் மகளை மணக்கும் வழக்கமுள்ள குடும்பங்களில் இரு பிரதியிலும் ஒரே மாறுபாடு இருப்பதும் தன்னளவில் சான்றாகாது. அப்படிப்பட்டவை அவர்களிடம் பல இருக்கும்.

'எதுவும் கண்டறியப்படவில்லை' என்ற வரி இன்னொரு பொறி. ஹண்டிங்டன் நோய், பரம்பரைத் தள்ளாட்ட நோய்கள் பல, ஃபிரைட்ரிக் அட்டாக்ஸியா ஆகியவை டி.என்.ஏ. எழுத்துகள் திரும்பத் திரும்ப நீள்வதால் வருபவை. வழக்கமான எக்ஸோம் அந்த நீளத்தை நம்பகமாக அளக்காது. குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகத் தள்ளாட்டம் இருக்க, அந்த நீளத்தை அளக்காமல் எக்ஸோமுக்குச் செலவிடுவது ஆற்றில் கொட்டிய பணம். முதுகுத்தண்டுத் தசைநலிவு நோயிலும் எஸ்.எம்.என்.1 மரபணுவின் இழப்பைத் தனியாகத்தான் தேட வேண்டும். அதன் ஏறக்குறைய அச்சுப் பிரதியான எஸ்.எம்.என்.2 மரபணு, தரவை அலசும் கணினியைக் குழப்பிவிடும்.

'நோய் விளைவிப்பது' என்று உறுதியான பிறகும் வேலை முடிவதில்லை. எஸ்.சி.என்.2ஏ மரபணுவில் மாறுபாடு உள்ள குழந்தைக்கு மூன்று மாதத்துக்குள் வலிப்பு தொடங்கினால், நரம்பணுவுக்குள் சோடியத்தை விடும் வாயிலின் வேலை மிகுந்திருக்கவே வாய்ப்பு அதிகம்; அந்த வாயிலை அடைக்கும் ஃபெனிடாயின் போன்ற மருந்துகள் உதவும். அதற்குப் பின் தொடங்கினால் பெரும்பாலும் வேலை குறைந்திருக்கும். அதே மருந்துகள் வலிப்பைக் கூட்டக்கூடும். அறிக்கையில் இரண்டுக்கும் ஒரே முத்திரைதான்.

அறிக்கையின் தேதியையும் பாருங்கள். சில ஆண்டுகள் கடந்திருந்தால், புதிதாக ரத்தம் எடுக்காமலேயே பழைய தரவை மறுபடி அலசித் தரும்படி மருத்துவர் வழியாக ஆய்வகத்தைக் கேட்கலாம்.