கால் எடுத்த நாயை வீட்டுல எப்படி பாத்துக்கிறது

நாய்க்கு கால் எடுக்கணும்னு டாக்டர் சொன்னதும் முதல்ல ஆடிப்போறது நாமதான், நாய் இல்ல. எலும்புல கேன்சரா இருக்கலாம், வண்டில அடிபட்டு எலும்பு நொறுங்கியிருக்கலாம், நரம்பு போய் கால் உணர்ச்சியே இல்லாம இழுபட்டுக்கிட்டு இருந்திருக்கலாம், காரணம் எதுவா இருந்தாலும் வீட்டுக்கு வந்தப்புறம் பாத்துக்கிற முறை கிட்டத்தட்ட ஒண்ணுதான். மூணு கால்ல நடக்கிறதை அது தானா கத்துக்கும், அதுக்கு நாம கிளாஸ் எடுக்க வேண்டாம். நம்ம பொறுப்பு தரையும் வலி மாத்திரையும், கொஞ்ச நாள் போனப்புறம் அதோட வெயிட்டும். இதுல கோட்டை விட்டுட்டு வேற என்ன செஞ்சாலும் பெருசா பிரயோஜனம் இல்லங்க.

தரைல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா அதை நாய் ஆஸ்பத்திரில இருக்கும்போதே முடிச்சிடணும். டைல்ஸ், மார்பிள், பாலிஷ் போட்ட மரத்தரை இதெல்லாம் மூணு கால் நாய்க்கு எண்ணெய் ஊத்தி வெச்ச மாதிரி. ஒரு தடவை சரிஞ்சு தையல் மேல விழுந்துச்சுன்னா வலி ஒரு பக்கம், அதுக்கப்புறம் அந்த ரூமுக்குள்ள கால் வைக்கவே பயப்படும் பாருங்க, அதை சரி பண்றதுதான் பெரிய வேலை. படுக்கைல இருந்து தண்ணி கிண்ணம், அங்கிருந்து வாசல்னு அது போற வழி முழுக்க மேட் விரிங்க, நடுவுல இடைவெளி விடாதீங்க, இடைவெளி இருந்தா மேட் முடியற இடத்துல அப்படியே நின்னு உங்க மூஞ்சியைப் பாக்கும். அடியில ரப்பர் இருக்கிற மேட், யோகா மேட் ரெண்டும் நல்லா பிடிக்கும், பெட்ஷீட்டோ லேசான மிதியடியோ போட்டா அதுவும் சேந்து வழுக்கும், வெறுந்தரையே தேவலாம்னு ஆயிடும். படிக்கட்டுக்கு தடுப்பு வைங்க, சோபா மேல ஏறி குதிக்கிற பழக்கம் இருந்தா இப்போதைக்கு அந்த ரூம் கதவையே சாத்திடுங்க.

இன்னொரு சின்ன விஷயம், ஆபரேஷனுக்கு மயக்கத்துல இருக்கும்போதே நகத்தையும் பாதத்துக்கு அடியில விரலுக்கு நடுவுல வளர்ற முடியையும் வெட்டி விடச்சொல்லி டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. அந்த முடி வளந்து பாதத்தை மூடிடுச்சுன்னா மேட் போட்டும் வழுக்கத்தான் செய்யும்.

முதல் தடவை காயத்தைப் பாக்கும்போது மனசை திடப்படுத்திக்கோங்க. முன்னங்கால்னா பெரும்பாலும் தோள்பட்டை எலும்போட சேத்து எடுப்பாங்க, பின்னங்கால்னா பாதி தொடையிலயோ இடுப்பு மூட்டுலயோ எடுப்பாங்க, அதனால நாம நினைச்சதை விட தையல் நீளமா இருக்கும், பாதி உடம்புக்கு முடியை வேற மழிச்சு விட்டிருப்பாங்க. சுத்தி சிவப்பும் ஊதாவுமா கன்னியிருக்கும், அது ரெண்டு மூணு நாள்ல கீழ வயித்துப் பக்கமோ மிச்ச கால் பக்கமோ இறங்கும், பரவுதேன்னு பதறாதீங்க, உள்ள கசிஞ்ச ரத்தம் கீழ்நோக்கி இறங்குது அவ்வளவுதான். சில நாய்க்கு தையலுக்குக் கீழ தண்ணி பை மாதிரி மெத்துனு ஒரு வீக்கம் வரும். டாக்டர்கிட்ட காட்டுங்க, பெரும்பாலும் உடம்பே அதை உறிஞ்சிக்கும், நீங்களா ஊசி வெச்சு குத்தி எடுக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், கிருமி உள்ள போறதுக்கு நாமளே வழி பண்ணிக்கொடுத்த கதை ஆயிடும். தினமும் ஒரே நேரத்துல, ஒரே வெளிச்சத்துல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, நேத்தைக்கும் இன்னிக்கும் வித்தியாசம் கண்ணால தெரியாது, போட்டோல தெரிஞ்சிடும்.

முதல் ராத்திரி தூக்கம் போச்சுன்னே வெச்சுக்கோங்க. விடாம முனகும், மூச்சு வாங்கும், சில நாய் நம்மளயே யாரோ மாதிரி பாக்கும். மயக்க மருந்தும் வீரியமான வலி மருந்தும் உடம்பை விட்டு முழுசா இறங்காததால கூட இப்படி இருக்கும், எல்லாம் வலின்னு சொல்ல முடியாது. கீழயே பக்கத்துல படுத்துக்கோங்க, லைட்டை குறைச்சு வைங்க. மறுநாளும் அடங்கலைன்னா போன் பண்ணிக் கேளுங்க. பெரிய நாயா இருந்து ஒரே பக்கமா படுத்தே கெடந்தா சில மணி நேரத்துக்கு ஒரு தடவை மெதுவா நெஞ்சுப்பக்கமா எழுப்பி உக்கார வெச்சு சாய்ச்சு விடுங்க, மெத்தை தடிமனா இருக்கட்டும், இல்லைன்னா இடுப்பு எலும்புலயும் முழங்கைலயும் புண் விழுந்திடும்.

வலி மாத்திரை விஷயத்துல பலர் சறுக்குறது எங்கன்னா, நாய் அழலையே, அப்போ வலி இல்லைன்னு நினைச்சு ஒரு வேளை மாத்திரையை விட்டுடறது. நாய் வலியை மறைக்கும் சார். சும்மா படுத்திருக்கும்போதே மூச்சு வாங்குறது, நடுங்குறது, படுக்கப்போய் படுக்காம எழுந்து எழுந்து நிக்கிறது, காயத்தையே திரும்பித் திரும்பிப் பாக்கிறது, பிடிச்ச சாப்பாட்டைக் கூட மோந்து பாத்துட்டு போயிடறது, இதுதான் அது அழற விதம். அதனால டாக்டர் எழுதிக்கொடுத்த நேரத்துக்கு அலாரம் வெச்சு கொடுங்க, வலி ஏறினப்புறம் அதை இறக்குறது கஷ்டம். மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென் மாதிரி வீக்கம் குறைக்கிற மருந்து கொடுத்திருந்தா சாப்பாட்டோட கொடுங்க, வாந்தி எடுத்தாலோ கக்கா கறுப்பா தார் மாதிரி போனாலோ அடுத்த டோஸை நிறுத்திட்டு உடனே டாக்டரைக் கூப்பிடுங்க. நரம்பு வலிக்கான காபாபென்டின் கொடுத்திருந்தா தூக்கக் கலக்கமா தள்ளாடும், அது மருந்தோட குணம். ஆனா நாள்பட கொடுத்துட்டு இருந்தா திடீர்னு நீங்களா நிறுத்தக்கூடாது, படிப்படியாதான் குறைக்கணும். அதோட, மனுஷங்களுக்கான திரவ காபாபென்டின்ல சைலிடால்ங்கிற இனிப்பு கலந்திருக்க வாய்ப்பு இருக்கு, அது நாய்க்கு விஷம், லேபிளைப் படிக்காம வாங்காதீங்க. நம்ம வீட்டு மருந்து டப்பால இருக்கிற இப்யூபுரூஃபன், பாராசிட்டமால், ஆஸ்பிரின் எதையும் பாவம்னு நினைச்சு நீங்களா கொடுத்துடாதீங்க, அந்தப் பாவம்தான் கடைசில கிட்னியையும் லிவரையும் கெடுக்கும்.

கொஞ்ச நாள் நல்லா இருந்துட்டு திடீர்னு ஒண்ணுமே நடக்காதப்போ வீல்னு கத்தி, கால் இருந்த இடத்தைத் திரும்பிப் பாக்குதா? இல்லாத காலோட வலி நாய்க்கும் வரலாம், வெட்டுன நரம்பு அனுப்புற தப்பான சிக்னல்தான் அது. வீடியோ எடுத்து டாக்டர்கிட்ட காட்டுங்க, அதுக்கு தனி மருந்து இருக்கு.

உச்சா, கக்கா கணக்கு ஒண்ணு இருக்கு. வீட்டுக்கு வந்து ஒரு நாள் பூரா உச்சா போகலைன்னா காத்திருக்காதீங்க, டாக்டர்கிட்ட பேசுங்க. கக்கா அப்படி இல்ல, மயக்கம், வலி மருந்து, சரியா சாப்பிடாதது எல்லாம் சேந்து மூணு நாலு நாள் போகாம இருக்கிறது சகஜம். போகும்போது பேலன்ஸ் பண்றதுதான் அதுக்கு பெரிய சவால், பின்னங்கால் இல்லாத நாய் குந்தப்போய் அப்படியே உக்காந்துடும். இதுக்கு ஒரு பெரிய டவலை மடிச்சு அடிவயித்துக்குக் கீழ விட்டு ரெண்டு முனையையும் முதுகுக்கு மேல பிடிச்சுக்கோங்க. தூக்கிப் பிடிக்காதீங்க, தொய்வா விட்டு, சரிஞ்சா மட்டும் தாங்குங்க, தூக்கிட்டே நடந்தா அது தன் பேலன்ஸைக் கண்டுபிடிக்கவே கண்டுபிடிக்காது. ஆண் நாயா இருந்தா டவல் உச்சா போற இடத்தை மறைக்காம பாத்துக்கோங்க, மறந்தா அந்த டவலை தினம் மூணு தடவை துவைக்க வேண்டியதுதான். முன்னங்கால் இல்லாத நாய்க்கு முதுகுல கைப்பிடி வெச்ச ஹார்னஸ் வசதி, ஆனா தையல்ல உரசுதான்னு பாத்துட்டு போடுங்க. கழுத்துப் பட்டைல லீஷ் மாட்டி இழுக்கிறது ரெண்டு வகைக்கும் சரிப்படாது, ஒரு இழுப்புலயே கவுந்திடும்.

தையல் பிரிக்கிற வரைக்கும், அதாவது 10ல இருந்து 14 நாள் வரைக்கும் கழுத்துல கோன் (காயத்தை நக்காம, கடிக்காம தடுக்கிற புனல் மாதிரி பட்டை) இருக்கணும், தூங்கும்போதும்தான். பாவமா இருக்கேன்னு அஞ்சு நிமிஷம் கழட்டி விட்டா அந்த அஞ்சு நிமிஷத்துல தையலைக் கடிச்சு பிரிச்சிடும். குளிக்க வைக்கக்கூடாது, ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட், வீட்டு வைத்தியம்னு எதையும் தடவக்கூடாது. சீழ், கெட்ட வாடை, தையல் வாய் விட்டுப் பிரியறது, ரத்தம் நிக்காம சொட்டறது, ஈறு வெளுத்துப்போறது, மூச்சு விட சிரமப்படறது, காய்ச்சல் 39.4 டிகிரிக்கு மேல (ஃபாரன்ஹீட்ல 103) போறது, இதுல எது வந்தாலும் நேரம் காலம் பாக்காம கூட்டிட்டு போயிடுங்க.

நாலாவது அஞ்சாவது நாள் உஷாரா இருங்க, அப்போதான் அதுக்கு தெம்பு வந்து, எனக்கு ஒண்ணுமே ஆகலைங்கிற மாதிரி ஓடப் பாக்கும். வெளித்தோல் ஆறியிருந்தாலும் உள்ள தசை இன்னும் ஒட்டியிருக்காது. முதல் ரெண்டு வாரம் லீஷ்ல பிடிச்சு உச்சா கக்காவுக்கு மட்டும்தான் வெளிய. தையல் பிரிச்சப்புறம் அஞ்சு நிமிஷ நடை, நாளைக்கு ரெண்டு மூணு தடவை, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. ஒரே நீள வாக்கிங்கை விட சின்னச் சின்னதா பல தடவை போறதுதான் நல்லது. இன்னொண்ணு கவனிப்பீங்க, மெதுவா நடக்கிறதை விட கொஞ்சம் வேகமா தத்தித் தத்திப் போறதுதான் அதுக்கு ஈஸி, அதனால அது முன்னாடி போகுதேன்னு கட்டுப்படுத்திக்கிட்டே இருக்காதீங்க. நடுவுல உக்காந்துட்டா உக்காரட்டும். திரும்பி வர்ற தூரமும் அதே மூணு கால்லதான் வரணுங்கிறதை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, பெரிய நாயை பாதி வழில தூக்கிட்டு வர்றது சாமான்யமில்ல.

முன்னங்காலா பின்னங்காலாங்கிறது நிறைய விஷயத்தை மாத்தும். நாய் நிக்கும்போது உடம்பு எடைல சுமார் 60 சதவீதம் முன்னங்கால் ரெண்டுலதான் இருக்கும், அதுல ஒண்ணு போனா மிச்ச ஒரே முன்னங்கால் அந்த பாரத்துல பெரும்பகுதியை வாங்கும். அதனால முன்னங்கால் எடுத்த நாய்க்கு பழக கொஞ்சம் கூட நாள் ஆகும், படி இறங்குறது, சரிவுல இறங்குறது சிரமம், குனிஞ்சு சாப்பிடும்போது மூக்கு குத்திட்டு விழும், சாப்பாட்டுக் கிண்ணத்தை நெஞ்சு உயரத்துக்கு ஒரு ஸ்டூல் மேல நகராம வெச்சிடுங்க. பின்னங்கால் எடுத்ததுக்கு நேர் எதிர், ஏறுறதும் தாவுறதும்தான் சிரமம்.

வெயிட் பத்தி கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன். கால் போச்சேன்னு வீட்டுல ஆளாளுக்கு ஒரு பிஸ்கட் கொடுப்பாங்க, ஓட்டமும் குறைஞ்சிருக்கும், மூணு மாசத்துல நாய் பீப்பா ஆயிடும், ஏறின ஒவ்வொரு கிலோவும் மிச்ச மூணு கால் மூட்டுலதான் போய் உக்காரும். விலாவுல கை வெச்சு லேசா தடவினா எலும்பு கைக்குத் தட்டுப்படணும், அழுத்தித் தேட வேண்டியிருந்தா சாப்பாட்டைக் குறைங்க. ஒரு நாள் கலோரில ட்ரீட் 10 சதவீதத்துக்கு மேல போகவேண்டாம். அன்பைக் காட்டணும்னா கையால காட்டுங்க, அதுக்கு நல்ல சான்ஸும் இருக்கு: பின்னங்கால் எடுத்த நாய்க்கு காதுல அரிச்சா மிச்சம் இருக்கிற தொடை மட்டும் படபடன்னு காத்துல சொறியும், காது அப்படியே இருக்கும், அந்தப் பக்கத்துக் காதை நீங்க சொறிஞ்சு விட்டீங்கன்னா கண்ணை மூடிட்டு உங்க கை மேலயே சாஞ்சிடும்.

தையல் பிரிச்சு காயம் நல்லா ஆறினப்புறம் டாக்டர் ஓகே சொன்னா தசைக்கு கொஞ்சம் வேலை கொடுக்கலாம். நிக்க வெச்சு ட்ரீட்டை மூக்கு முன்னாடி காட்டி இடுப்புப் பக்கம், அப்புறம் இன்னொரு பக்கம்னு மெதுவா கொண்டு போங்க, கால் நகராம தலையை மட்டும் திருப்பணும், அதுலயே வயித்துத் தசையும் முதுகுத் தசையும் இறுகும். நீச்சலும் நல்லது, முதல்ல லைஃப் ஜாக்கெட் போட்டு நீங்க பிடிச்சுக்கிட்டே. கேன்சருக்காக கால் எடுத்திருந்தா தையல் பிரிக்கிற சமயத்துல கீமோ பேச்சு வரும், கீமோ கொடுத்த அடுத்த சில நாளைக்கு உச்சா கக்காவை க்ளவுஸ் போட்டுதான் அள்ளணும், கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்த வேலைக்கு வேண்டாம்.

அப்புறம் நகம். மூணு வாரத்துக்கு ஒரு தடவையாவது வெட்டணும், ஆனா நிக்க வெச்சு ஒரு காலைத் தூக்கினீங்கன்னா மிச்சம் ரெண்டுதான், கவுந்திடும். படுக்க வெச்சு வெட்டுங்க, அப்பவே பாதத்துல வெடிப்பு இருக்கா, முன்னங்கால் மணிக்கட்டு வழக்கத்தை விட தழைஞ்சு வளையுதான்னும் பாத்துடுங்க, வளைஞ்சா அடுத்த செக்கப் வரைக்கும் தள்ளிப்போடாம காட்டுங்க.