அவுட்லுக் மெயில் திறக்கவில்லையா? கை வைப்பதற்கு முன்னால் அந்த ஒரு ஃபைலை நகல் எடுங்கள்

ஆடி மாதம் ஒருநாள் கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஓர் அண்ணாச்சி போன் செய்தார். அப்பளம் போட்டு வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புகிறவர். "தம்பி, காத்துல கரண்டு போயிப் போயி வந்துச்சு. அதுல இருந்து மெயிலு தொறக்க மாட்டேங்கு. பன்னெண்டு வருசத்து ஆர்டரு அதுலதான் கெடக்கு. கொஞ்சம் வந்து பாக்கியா?" என்றார்.

"ஒண்ணும் தொடாதீங்க அண்ணாச்சி, வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

தொடவேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் இதே மாதிரி மெயில் நின்றுபோனபோது, வந்து பார்த்தவர் விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிட்டார். டெஸ்க்டாப்பில் இருந்ததையும் டாக்குமென்ட்ஸில் இருந்ததையும் கவனமாக எடுத்துவைத்தார். ஆனால் மெயில் ஃபைல் இருந்தது கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் ஒரு ஃபோல்டரில். ஆறு வருடக் கடிதங்கள் போய்விட்டன. ஃபைல் எங்கே இருக்கிறது என்று அங்கே இருந்த ஒருவருக்குத் தெரிந்திருந்தால் போதும், அது நடந்திருக்காது. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்லுவது பழைய அவுட்லுக்குக்கு, அதாவது இப்போது 'கிளாசிக்' என்று பெயர் போட்டு வருகிறதே, அதற்கு. ஐகானிலேயே 'நியூ' என்று இருக்கும் புது அவுட்லுக்கின் அமைப்பு வேறு.

படி 1: ஃபைல் எங்கே இருக்கிறது, எந்த வகை?

பிரவுசரில் ஜிமெயில் பார்க்கும்போது கடிதங்கள் எங்கேயோ ஒரு சர்வரில் இருக்கின்றன. அவுட்லுக் அப்படி இல்லை. வந்தது, அனுப்பியது, முகவரிகள், காலண்டர் எல்லாவற்றையும் உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஒரு ஃபைலுக்குள் போட்டு வைக்கிறது. வீட்டுப் பத்திரம், நகை, சர்டிஃபிகேட் எல்லாம் ஒரே டிரங்குப் பெட்டியில் இருப்பது மாதிரி. பெட்டி நசுங்கினால் எல்லாமே மாட்டிக்கொள்ளும்.

இந்தப் பெட்டியில் இரண்டு வகை. ஃபைல் பெயரின் கடைசியில் 'பிஎஸ்டி' என்று இருந்தால் அதுதான் அசல். பாப் முறையில் (கடிதங்களைச் சர்வரிலிருந்து கம்ப்யூட்டருக்கே இறக்கிக்கொள்ளும் முறை) வரும் மெயிலுக்கும், நீங்களே ஒதுக்கி வைத்த பழைய மெயிலுக்கும் இது. பல இடங்களில் சர்வரில் வேறு நகல் இருக்காது. 'ஓஎஸ்டி' என்று இருந்தால், சர்வரில் இருப்பதன் நகல் மட்டுமே. ஐமேப் கணக்குக்கும் (கடிதங்கள் சர்வரிலேயே இருக்கும் முறை; அவுட்லுக் 2013 முதல்), மைக்ரோசாஃப்ட் 365 கணக்குக்கும் இப்படி வரும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. அதனால் இதை முதலில் பார்த்துவிடுங்கள்.

அவுட்லுக் திறந்தால்: ஃபைல் மெனு, அக்கவுன்ட் செட்டிங்ஸ், மறுபடி அக்கவுன்ட் செட்டிங்ஸ், அதில் 'டேட்டா ஃபைல்ஸ்' என்ற தாவல். ஃபைலின் முழுப் பெயரும் இடமும் அங்கே இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' அழுத்தினால் அந்த ஃபோல்டருக்கே கொண்டுபோய் விடும்.

அவுட்லுக் திறக்கவே இல்லையென்றால் கவலை வேண்டாம். கன்ட்ரோல் பேனலைத் திறந்து, ஐகான்களைச் சிறியதாகக் காட்டும்படி மாற்றினால் 'மெயில்' என்று ஒன்று தெரியும். அதற்குள்ளும் இதே 'டேட்டா ஃபைல்ஸ்' உண்டு. அவுட்லுக் 2010 முதல் வந்த பதிப்புகளில் பிஎஸ்டி ஃபைல் வழக்கமாக டாக்குமென்ட்ஸுக்குள் 'அவுட்லுக் ஃபைல்ஸ்' என்ற ஃபோல்டரில் இருக்கும். 2007-இல் அது உங்கள் யூசர் ஃபோல்டருக்குள், 'ஆப்டேட்டா' என்ற மறைந்த ஃபோல்டரில் கிடக்கும். ஓஎஸ்டி இன்றைக்கும் அங்கேதான். பாளையங்கோட்டையில் தவறிப்போனது அந்த ஃபோல்டர்தான்.

படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தின் பெயரை ஒரு தாளில் எழுதி, கம்ப்யூட்டர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தாலும் சரி.

படி 2: நகல் எடுங்கள்

இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். இந்தப் பதிவில் ஒரே ஒரு படியைத்தான் செய்வீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

அவுட்லுக்கை மூடுங்கள். ஃபைலை ரைட் கிளிக் செய்து காப்பி கொடுத்து, வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ ஒட்டுங்கள். 'ஃபைல் பயன்பாட்டில் இருக்கிறது' என்று மறுத்தால், அவுட்லுக் பின்னால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் அவுட்லுக்கைத் தேர்ந்தெடுத்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். சில சமயம் தொல்லையே இதுதான்: முந்தைய தடவை மூடாமல் தொங்கிக்கொண்டிருந்த அவுட்லுக், புதிதாக ஒன்று திறப்பதைத் தடுத்திருக்கும். இப்போது ஒருமுறை திறந்து பாருங்கள். திறந்துவிட்டால் வேலை முடிந்தது.

அண்ணாச்சி கடையில் வேறொரு சிக்கல் வந்தது. அவரிடம் இருந்தது 32 ஜிபி பென் டிரைவ், முழுக்கக் காலி. மெயில் ஃபைல் 14 ஜிபி. ஆனாலும் 'ஃபைல் மிகப் பெரிது' என்று சொல்லி ஏற்கவில்லை. "எடந்தான் இருக்கே தம்பி, பெறகு ஏன் போவல?" என்று கேட்டார். பல பென் டிரைவ்கள் ஃபேட்32 என்ற அமைப்பில் வருகின்றன. அதில் எவ்வளவு இடம் இருந்தாலும் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. பென் டிரைவை ரைட் கிளிக் செய்து 'ஃபார்மேட்' போய் எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் என்று மாற்றினால் சரியாகிவிடும். மாற்றும்போது அதில் உள்ள எல்லாம் அழிந்துவிடும், அதனால் வேறு எதுவும் இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள்.

நகல் எடுக்கும்போது பாதியில் நின்று 'டேட்டா எரர், சைக்ளிக் ரிடன்டன்சி செக்' என்று வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். கெட்டுப்போனது பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்தான். திரும்பத் திரும்ப முயற்சி செய்தால் டிஸ்க் இன்னும் மோசமாகும். டேட்டா மீட்கத் தெரிந்தவரிடம் டிஸ்க்கைக் கொண்டுபோக வேண்டும்.

படி 3: சேஃப் மோடில் திறந்து பாருங்கள்

கன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே அவுட்லுக் ஐகானைத் திறங்கள். சேஃப் மோடில் திறக்கவா என்று கேட்கும், யெஸ் கொடுங்கள். இப்படித் திறந்தால் ஃபைலில் குறை இருக்க வாய்ப்புக் குறைவு. அவுட்லுக்கின் கூடவே ஓடும் ஏதோ ஒரு ஆட்-இன், அதாவது துணைப் புரோகிராம்தான் தடுக்கிறது. ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் போய் ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்.

படி 4: ஸ்கேன்பிஎஸ்டி

சேஃப் மோடிலும் திறக்கவில்லை, அல்லது 'ஃபைலில் பிழை இருக்கிறது' என்றே சொல்லுகிறது என்றால் இதற்கு வரவேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவதுதான் நம் பக்கத்தில் நான் அதிகம் பார்த்த காரணம். ஆனி, ஆடிக் காற்றில் மின்சாரம் கண் சிமிட்டும். மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலையிலேயே போய்விடும். அவுட்லுக் ஃபைலுக்குள் ஒரு கடிதத்தை வைக்கும்போது, எந்தக் கடிதம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையையும் திருத்துகிறது. அந்த நேரம் பார்த்து கம்ப்யூட்டர் அணைந்தால் அட்டவணை ஒன்று சொல்லும், உள்ளே இருப்பது வேறாக இருக்கும். கடிதங்கள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். அட்டவணையைச் சரிசெய்தால் போதும்.

அதற்கான கருவியை மைக்ரோசாஃப்டே அவுட்லுக்கோடு சேர்த்துத் தந்திருக்கிறது. பெயர் ஸ்கேன்பிஎஸ்டி. காசு கொடுத்து எதையும் வாங்குவதற்கு முன்னால் இதைத்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் இதற்கு ஐகான் இருக்காது, தேடிப் போகவேண்டும். சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ், அதற்குள் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ், ரூட், ஆஃபீஸ்16 என்று வரிசையாகத் திறங்கள். அங்கே இல்லையென்றால், 'எக்ஸ்86' என்று ஒட்டியிருக்கும் இன்னொரு புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் இதே வழியில் பாருங்கள். 2016, 2019, 365 மூன்றுக்கும் எண் 16 தான். 2013-க்கு 15, 2010-க்கு 14.

அவுட்லுக் மூடியிருக்க வேண்டும். ஸ்கேன்பிஎஸ்டியைத் திறந்து, 'பிரவுஸ்' அழுத்தி, முதல் படியில் கண்டுபிடித்த ஃபைலைக் காட்டி, 'ஸ்டார்ட்' கொடுங்கள். எட்டுக் கட்டமாகச் சோதிக்கும். முடிந்ததும் பிழை இருக்கிறதா என்று சொல்லும். பழுதுபார்ப்பதற்கு முன் நகல் எடுக்கவா என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிடாதீர்கள். பென் டிரைவில் நகல் இருந்தாலும் பரவாயில்லை, இதுவும் இருக்கட்டும். டிஸ்க்கில் ஃபைலின் அளவுக்காவது காலி இடம் வேண்டும். பிறகு 'ரிப்பேர்'.

பெரிய ஃபைல் என்றால் மணிக்கணக்கில் ஓடும். நடுவில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று காட்டினாலும் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கலாம், பிடுங்கிவிடாதீர்கள். யுபிஎஸ் இல்லாத இடத்தில் இதை ஓட்டவே கூடாது. காற்றில் கரண்ட் போனதால் வந்த சிக்கலைச் சரிசெய்யும்போது மறுபடி கரண்ட் போனால் நிலைமை இன்னும் கெடும். அண்ணாச்சி கடையில் அன்றைக்கு நான் ஓட்டவில்லை. யுபிஎஸ் பேட்டரியை மாற்றச் சொல்லி, மறுநாள்தான் ஓட்டினேன்.

ஒருமுறை ஓட்டினால் போதாது. இது பலருக்குத் தெரிவதில்லை. ஒரு பிழையைச் சரிசெய்த பிறகுதான் அதற்குப் பின்னால் மறைந்திருந்த இன்னொன்று தெரியும். பிழை எதுவும் இல்லை என்று வரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். அண்ணாச்சியின் ஃபைலுக்கு நாலு தடவை ஆனது.

அப்புறம் அவுட்லுக்கைத் திறந்தால், இடது பக்கம் 'ரெகவர்ட் பெர்சனல் ஃபோல்டர்ஸ்' என்றோ 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்றோ புதிதாகத் தெரியலாம். எந்த ஃபோல்டரைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்க முடியாத கடிதங்களை அதில் போட்டிருக்கும். குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள், ஒவ்வொன்றாகப் பார்த்துப் பழைய இடத்துக்கு இழுத்துப் போடுங்கள்.

ஓஎஸ்டி என்றால்

ஓஎஸ்டிக்கு இவ்வளவு பாடு வேண்டாம். அவுட்லுக்கை மூடி, ஓஎஸ்டி ஃபைலின் பெயரை மாற்றிவிட்டுத் திறந்தால், சர்வரிலிருந்து எல்லாவற்றையும் புதிதாக இறக்கிக்கொள்ளும். அழிக்க வேண்டாம், பெயரை மட்டும் மாற்றுங்கள். ஐமேப் கணக்கில் ஓர் ஆபத்து இருக்கிறது: காலண்டருக்கும் முகவரிகளுக்கும் பக்கத்தில் 'திஸ் கம்ப்யூட்டர் ஒன்லி' என்று எழுதியிருந்தால், அவை சர்வரில் இல்லை, இந்த ஃபைலில் மட்டும்தான் இருக்கின்றன. அவுட்லுக் திறக்கும் நிலையில் இருந்தால், பெயரை மாற்றுவதற்கு முன் அவற்றை பிஎஸ்டியாக எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள். அவுட்பாக்ஸில் போகாமல் நிற்கும் கடிதங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: ஃபைல் நன்றாக இருக்கிறது, ஆனாலும் திறக்கவில்லை

அப்படியானால் புரொஃபைலை, அதாவது உங்கள் கணக்கு எது, ஃபைல் எது என்று அவுட்லுக் குறித்து வைத்திருக்கும் அமைப்பைச் சந்தேகப்படலாம். கன்ட்ரோல் பேனல் மெயிலில் 'ஷோ புரொஃபைல்ஸ்', 'ஆட்' கொடுத்துப் புதிதாக ஒன்று உண்டாக்குங்கள். பாப் கணக்கைச் சேர்க்கும்போது, புது ஃபைல் வேண்டுமா, இருக்கிற ஃபைல் போதுமா என்று கேட்கும். 'எக்ஸிஸ்டிங்' என்பதைத் தேர்ந்து உங்கள் பிஎஸ்டியைக் காட்டுங்கள். பழைய புரொஃபைலை உடனே நீக்கவேண்டாம், ஒரு வாரம் கிடக்கட்டும்.

மறுபடி வராமலிருக்க

ஃபைலின் அளவைப் பாருங்கள். அவுட்லுக் 2002 வரைக்கும் இருந்த பழைய வகை ஃபைல் 2 ஜிபியைத் தொட்டாலே கெட்டுவிடும். 2003, 2007-இல் எல்லை 20 ஜிபி, 2010 முதல் 50 ஜிபி. டேட்டா ஃபைல்ஸ் தாவலில் 'செட்டிங்ஸ்' திறந்து, வகை '97-2002' என்று காட்டினால் அது அந்தப் பழைய வகை. உடனே புதிய ஃபைல் உண்டாக்கிக் கடிதங்களை அதற்கு மாற்றுங்கள். ஹோம், நியூ ஐட்டம்ஸ், மோர் ஐட்டம்ஸ், அவுட்லுக் டேட்டா ஃபைல் என்று போனால் புது ஃபைல் கிடைக்கும். எல்லை 50 என்றாலும் 10 ஜிபிக்குமேல் போகவிடாமல், வருடத்துக்கு ஒரு ஃபைலாகப் பிரித்துவிடுவதுதான் என் வழக்கம். ஒன்று கெட்டால் ஒரு வருடம்தான் மாட்டும்.

கடிதங்களை அழித்தாலும் ஃபைலின் அளவு உடனே குறையாது. டெலிட்டட் ஐட்டம்ஸைக் காலி செய்துவிட்டு, அதே செட்டிங்ஸில் 'காம்பேக்ட் நவ்' அழுத்த வேண்டும்.

பிஎஸ்டியைப் பென் டிரைவில் வைத்து அங்கிருந்தே ஓட்டாதீர்கள். அலுவலக நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டரிலும் வேண்டாம். டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பு) எடுத்துக்கொண்டிருந்தால், அதற்குள் இருக்கும் பிஎஸ்டி அடிக்கடி பூட்டிக்கொள்ளும். அவுட்லுக்கை மூடி, ஃபைலை வெளியே ஒரு சாதாரண ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். அடுத்து திறக்கும்போது ஃபைலைக் காணவில்லை என்று சொல்லும். ஓகே கொடுத்துப் புது இடத்தைக் காட்டினால் சரி.

நகலை மாதம் ஒருமுறை எடுங்கள், ஃபைல் பெயரோடு தேதியையும் சேர்த்துவிடுங்கள். கடைக் கம்ப்யூட்டரின் நகலைக் கடையிலேயே வைக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரை மீறி திருநெல்வேலி ஜங்ஷன் வரைக்கும் வந்தது யாருக்கும் மறந்திருக்காது. தண்ணீர் புகுந்த கட்டடத்தில் கம்ப்யூட்டர் கீழே, நகல் எடுத்த ஹார்ட் டிஸ்க் மேஜை டிராயரில் என்று இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

அண்ணாச்சியிடம் இப்போது இரண்டு பென் டிரைவ் இருக்கின்றன. ஒன்று கடையில். இன்னொன்று பாளையங்கோட்டையில் அவர் மகள் வீட்டு மாடி பீரோவில். மாதம் ஒருமுறை பேத்தியைப் பார்க்க வரும்போது புது நகலைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பழையதை எடுத்துப்போகிறார்.