ஆடிப் பட்டம் இங்கே செல்லாது

விதைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த மாதம் ஊன்றலாம் என்று ஊரில் இருக்கும் அம்மாவுக்கு போன் போடுகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. "ஆடியில போடுப்பா, தையில காய்க்கும்" என்றார் அம்மா. சிங்கப்பூரில் என் அடுக்குமாடி புளோக் தாழ்வாரத்துத் தொட்டியில் ஆடியிலேயே அவரை போட்டேன். தை வந்து போனது. கொடி மட்டும் கம்பியைப் பிடித்து மாடி ஏறப் பார்த்தது.

அம்மா சொன்னதில் பிழையில்லை, கணக்குதான் வேறு ஊருக்கானது. பழைய கொடியவரை ரகங்கள் பகல் சுருங்குவதைப் பார்த்துத்தான் பூவெடுக்கும். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேர வித்தியாசம். சிங்கப்பூரில் அது சுமார் 9 நிமிடம். அதனால் மாதத்தை விட்டுவிட்டு ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். கொடி ஓடாத குத்தவரையில் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத ரகங்கள் இருக்கின்றன.

அடுத்தது பீர்க்கங்காய். எதிர்வீட்டு ஆன்ட்டி தினமும் காலை ஏழு மணிக்கு, வேலைக்குக் கிளம்பும் முன் மகரந்தம் தடவத் தூரிகையோடு கொடியிடம் நிற்பார். ஒரு பிஞ்சும் தங்கவில்லை. பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தால் உடனே உரத்தைக் கொட்டுவோம், அவரும் கொட்டினார். உண்மையில் பீர்க்கம்பூ மாலையில்தான் விரியும். சுரையும் புடலையும் அப்படித்தான். சுரை, புடலையின் வெள்ளைப் பூக்கள் காத்திருப்பது இருட்டில் வரும் அந்துப்பூச்சிக்கு. பூசணி, பாகல் இரண்டும் காலைப் பூ. பூசணிப் பூ மதியத்துக்குள் சுருண்டுவிடும், அப்புறம் தடவிப் பயனில்லை. உயரமான மாடிக்குப் பூச்சிகள் குறைவாகத்தான் வரும் என்பதால் இந்த வேலை நம் தலையில்தான். காம்பில் குட்டிக் காய் ஒட்டியிருந்தால் பெண்பூ. ஆண்பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் இருக்கும் சூல்முடியில் தேய்த்தால் போதும், தூரிகைகூட வேண்டாம். முதலில் வருவதெல்லாம் ஆண்பூவாகவே இருந்தால் பயப்பட வேண்டாம், பூசணி வகைக் கொடிகளுக்கு அது வழக்கம். ஆன்ட்டி இப்போது வேலை முடிந்து வந்துதான் கொடியிடம் போகிறார்.

தக்காளிக்குப் பூச்சி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரே பூவுக்குள் எல்லாம் முடிந்துவிடும். அதற்கு இடைஞ்சல் நம் இரவு. இரவு வெப்பம் 24 டிகிரிக்குக் கீழே இறங்காத ஊரில் மகரந்தம் வலுவிழந்து பூ கொட்டும். மலையில் விளையும் பெரிய தக்காளியின் விதையைப் போட்டுவிட்டுச் செடியைத் திட்டாதீர்கள். வெப்பம் தாங்கும் சிறு தக்காளி ரகத்தைப் போட்டு, பூக்கொத்தைக் காலையில் லேசாகச் சுண்டிவிடுங்கள்.

ஆப்பிள், டியூலிப் ஆசை இருந்தால் விட்டுவிடலாம். வாரக்கணக்கில் குளிர் பட்டால்தான் அவற்றின் மொட்டு விழிக்கும்.

குளிர் இல்லாத ஊரில் பல செடிகளுக்குப் பூக்க வறட்சிதான் அடையாளம். சாலையோர டபெபுயா மரங்கள் சில வாரம் மழை நின்று, பிறகு பெய்ததும் இளஞ்சிவப்பாய்க் கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். காகிதப்பூவும் அந்த ரகம்தான். பாசத்தோடு தினமும் தண்ணீர் ஊற்றினால் இலையாகத் தழைத்து நிற்கும். இலை லேசாகத் துவளும்வரை காயவிட்டு ஊற்றிப் பாருங்கள். எனக்கு இது புரியவே இரண்டு தொட்டி செலவானது.

இந்த ஊரிலேயே பிறந்த, மரக்கிளைகளில் ஒட்டி வளரும் புறா ஆர்க்கிட்டின் கணக்கு இன்னும் விசித்திரம். பெருமழையில் காற்று சட்டென்று சில டிகிரி குளிர்ந்தால், சுமார் ஒன்பது நாள் கழித்து, அந்த வட்டாரத்துச் செடிகளெல்லாம் ஒரே நாளில் பூக்கும். எல்லாம் சேர்ந்து பூத்தால்தானே மகரந்தம் செடிவிட்டுச் செடி போகும்? பூ ஒரு நாள்தான் நிற்கும். அடுத்த பெருமழை அன்று காலண்டரில் ஒரு வட்டம் போட்டு வையுங்கள், ஒன்பதாம் நாள் காலையில் தூங்குமூஞ்சி மரக்கிளைகளை அண்ணாந்து பாருங்கள்.