பழைய ஃபிலிம் கேமராவுக்கு ஒரு குட்டி லைட் மீட்டர்

பல பழைய கேமராக்களில் வெளிச்சத்தை அளக்கும் உள் மீட்டர் 1.35 வோல்ட் மெர்குரி பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. அதற்குப் பதில் 1.5 வோல்ட் ஆல்கலைன் போட்டால் அளவு தப்பும். அதனால்தான் கேமராவின் மேலே ஃப்ளாஷ் பொருத்தும் பள்ளமான ‘ஷூ’வில் செருகும் மீட்டருக்கு மாறினேன்.

வாங்குமுன் மீட்டரின் கால் (ஷூவுக்குள் நுழையும் பகுதி) எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நடுவில் இருந்தால், சில கேமராக்களில் மீட்டர் ஷட்டர் வேக டயலை மறைத்துவிடும். காலை இடம் மாற்றிப் பொருத்த முடிகிற மாடல் நல்லது. ஷூவில் ஆடினால் காலின் அடியில் மெல்லிய டேப் ஒரு துண்டு ஒட்டினால் போதும்.

என் நெகட்டிவ்கள் வெளிறி வந்ததற்குக் காரணம் வானம். மீட்டர் வானத்தின் வெளிச்சத்தையும் சேர்த்து அளந்து, குறைந்த எக்ஸ்போஷரை (ஃபிலிமில் விழ வேண்டிய ஒளியின் அளவை) சொன்னது. இப்போது கேமராவைத் தரைப்பக்கம் சாய்த்து அளந்துவிட்டுத்தான் ஃப்ரேம் பார்க்கிறேன். வெளிச்சம் உள்ள இடத்தில் நடுத்தரப் புல்வெளி கிடைத்தால் அதுவே போதும்.

இந்த மீட்டர் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. ஆகவே ஃபில்டர் போட்டால் நாமே ஈடுகட்ட வேண்டும். நடுத்தர மஞ்சள் ஃபில்டருக்கு, ஐ.எஸ்.ஓ. (ஃபிலிமின் ஒளி உணர்திறன் எண்) 400 ஃபிலிமில் மீட்டரை 200-இல் வைத்தால் ஒரு ஸ்டாப் கூடுதலாக, அதாவது இரு மடங்கு ஒளி, கிடைக்கும். கழற்றியதும் மறக்காமல் 400-க்குத் திருப்புங்கள்.

சரிபார்க்க: உச்சி வெயிலில், சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து, ஐ.எஸ்.ஓ. 400-இல் அளந்தால் எஃப் 16 (லென்ஸ் துளையின் அளவு), 1/500 நொடியை ஒட்டி வர வேண்டும். ஒரு ஸ்டாப்புக்கு மேல் விலகினால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள்.

1/25, 1/50, 1/100 என்று வேகம் போட்ட கேமராவில், மீட்டர் காட்டும் 1/30, 1/60, 1/125-க்குப் பக்கத்து எண்ணையே வைக்கலாம். வித்தியாசம் மூன்றில் ஒரு ஸ்டாப்கூட வராது.